கார்த்திகை அன்னைக்கு டிவியில தெரிஞ்ச மலை

பேய் பிசாசுன்னு யாராவது பேச்செடுத்தாலே எழுந்து துணி மடிக்கப் போயிடுற ஆளுங்க நான். எனக்கு சாமி இருக்கு. காலையில விளக்கேத்துறேன், சாயந்திரம் விளக்கேத்துறேன், கிருத்திகைக்கு விரதம் இருக்கேன், அதுக்கு மேல வானத்துல எது பறந்தா எனக்கென்னன்னு இருக்கிறவ. எங்க பையன் பிரகாசு கள்ளக்குறிச்சியில ஒரு செல்போன் கடையில வேலை பார்க்கிறான். லீவுக்கு வந்தான்னா போனைக் கையில வெச்சிக்கினு அந்தக் காலத்து கருப்பு வெள்ளை டிவி பேட்டியாப் பார்ப்பான். கோட்டு போட்ட வெள்ளைக்காரங்க சிகரெட்டு புடிச்சிக்கினே பறக்கும் தட்டைப் பார்த்தேன்னு சொல்லுவாங்களாம், இன்னொருத்தர் நிலாவுக்கு அந்தாண்ட ஏதோ ஒரு கிரகத்துக்குப் போயி சாப்பிட்டுட்டு வந்தேன்னு சொல்லுவாராம், கேள்வி கேக்குற ஆளும் சிரிக்காம, அங்க சாப்பாடு எப்படி இருந்துச்சுன்னு கேப்பாராம். "டேய், அண்ணாமலையார் அடிமுடி தெரியாம நின்ன வானம்டா அது, அதுல போயி தட்டு, தாம்பாளம்னு தேடிக்கினு இருக்கியே"ன்னு நான் திட்டுவேன். அவன் "உனக்கு ஒண்ணும் தெரியாதும்மா"ன்னுட்டு அடுத்த பேட்டிக்குப் போயிடுவான்.

அப்படி இருந்தவ இதை எழுதுறேன். படிச்சுட்டு நீங்க சிரிச்சாலும் எனக்குக் கோவம் வராது, ஏன்னா எனக்கு நடக்காம வேற யாராவது வந்து சொல்லியிருந்தா நானே சிரிச்சிருப்பேன்.

கச்சிராயபாளையம் தாண்டி கல்வராயன் மலை அடிவாரத்துல எங்க ஊரு. தெருவுல நின்னா மலை நேரா எதிர்க்க நிக்கும், கை நீட்டுனா தொடலாம் போல. எங்க வூட்டுக்காரர் மரவள்ளிக் காட்டுல கூலிக்குப் போறவர். ஒரு மாடு வெச்சிருக்கோம், செவலை. அவருக்கு சக்கரை வந்த பிறகு கண்ணு சரியில்லைங்க. பகல்ல பார்த்தா உங்களுக்கு வித்தியாசமே தெரியாது, நல்லாத்தான் நடப்பார். பொழுது சாஞ்சுடுச்சுன்னா எங்கயாவது விளக்கு எரிஞ்சா அது மட்டும் தெரியும், கால் வைக்கிற தரை தெரியாது. அதனால அந்திக்கு முன்னாடி வூட்டுக்கு வந்துடுவார். இது ஊருக்கே தெரியும்.

முந்தா வருசம் கார்த்திகை தீபம் அன்னைக்கு நடந்தது இது. அன்னைக்கு காலையிலேர்ந்தே மழை, விட்டு விட்டு. மலை கண்ணுக்கே தெரியல, பாதிக்கு மேல வெள்ளையா மூட்டம் மூடிக்கினு இருந்துச்சு. மத்தியானம் மேய்ச்சலுக்குப் போன மாடெல்லாம் திரும்பி வந்துடுச்சு, செவலை மட்டும் வரல. அது நிறை சினை. கன்னு போடப் போற மாடு கூட்டத்த விட்டு ஒதுங்கி எங்கயாவது புதர்ல போயி நின்னுக்கும், உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். இவர் சோத்தைப் பாதியில வெச்சுட்டு எழுந்தார்.

"மழையில எங்க போறீங்க, கண்ணு தெரியாத மனுசன்"னு கேட்டேன்.

"பகல்ல எனக்கு இன்னாடி? நீ மாவிளக்குக்கு மாவிடிக்கறதுக்குள்ள ஓட்டிக்கினு வந்துடுறேன்."

கோலை எடுத்துக்கினு கெளம்பிட்டார். போனை சார்ஜ்ல போட்டது போட்டபடி கெடந்துச்சு, அவர் போன பிறகுதான் நான் பார்த்தேன்.

இப்ப எங்க தெரு வழக்கம் ஒண்ணு சொல்லணும், சொல்லலேன்னா பின்னாடி புரியாது. கார்த்திகை அன்னைக்கு திருவண்ணாமலையில மலைமேல தீபம் ஏத்துன பிறகுதான் எங்க பக்கம் வூட்டு வாசல்ல விளக்கு வைப்போம். அதுக்கு முன்னாடி ஏத்துனா அபச்சாரம். முன்ன எல்லாம் ஆறு மணின்னு கணக்கு வெச்சு ஏத்துவாங்க, இப்பதான் டிவியில நேரடியாவே காட்டுறாங்களே, அதைப் பார்த்து கையெடுத்துக் கும்பிட்டுட்டு ஏத்துறது. அன்னைக்கு மத்தியானத்துலேர்ந்து தெருவுல கரண்டு இல்லை. பிரகாசு ஒரு இன்வெர்ட்டர் வாங்கிப் போட்டிருந்ததால எங்க வூட்டுல மட்டும் டிவி ஓடும். அதனால தெருவுல பேசி வெச்சது இன்னான்னா, சாந்தா, அதாவது நான், டிவியைப் பார்த்து பூஜை மணிய வாசல்ல வந்து அடிக்கணும், மணி கேட்டதும் எல்லா வூட்டுலயும் ஏத்தணும். அகல்ல எண்ணெய் ஊத்தி, திரி போட்டு, தீப்பெட்டியக் கையில வெச்சிக்கினு எல்லாரும் ரெடியா இருந்தாங்க.

பக்கத்து வூட்டு காசியம்மா எங்க வூட்டுலயேதான் டிவி முன்னாடி உக்காந்து திரி திரிச்சிக்கினு இருந்தா. நான் அடுப்புல வெல்லப் பாகு வெச்சிருந்தேன், பொரி உருண்டைக்கு. பாகு பதத்தப் பார்க்குறேனே தவிர காது பூரா வெளியில, மாட்டு மணி கேக்குதா, அவர் செருப்பு சத்தம் கேக்குதான்னு. வானம் நேரத்தோட இருட்டிக்கினு வந்துச்சு. வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துக்கினே இருந்தேன். எதுத்த வூட்டு முருகேசன் அண்ணன்கிட்ட "அண்ணே, அவரு இன்னும் வரல, ரெண்டு பேரு போயி பாருங்களேன்"ன்னு கேட்டேன். "விளக்கு வெச்சிட்டு டார்ச் எடுத்துக்கினு போறோம் சாந்தா, மூட்டத்துல எங்கன்னு தேடுறது"ன்னார். அவர் சொல்றதும் நியாயம்தான். எனக்குத்தான் அது நியாயமாப் படல.

மழை ஒரு வீசு வீசிச்சு. டிவியில கோயிலும் கூட்டமுமா தெரிஞ்சிக்கினு இருந்தது பட்டுன்னு நின்னுபோயி சிக்னல் இல்லைன்னு நீலமா ஆயிடுச்சு. மழைக்கு அப்படி ஆகுறதுதான். தெருவே என் மணிய நம்பிக்கினு இருக்குதே, இப்ப போயி இப்படி ஆயிடுச்சேன்னு முருகா முருகான்னு வேண்டிக்கினேன். கொஞ்ச நேரத்துல படம் வந்துச்சு. ஆனா கோயில் இல்லை. கருப்பு வெள்ளையில ரெண்டு நாற்காலி. ஒரு பக்கம் பெரிய கொண்டை போட்ட ஒரு அம்மா, இந்தப் பக்கம் தடிமனா கருப்புக் கண்ணாடி போட்ட ஒரு ஆளு, வாத்தியார் மாதிரி. நல்ல தமிழ்ல, பேப்பர்ல எழுதுற மாதிரி பேசிக்கினு இருந்தாங்க.

ரிமோட்டை அமுக்குறேன், மாறவே இல்லை. எந்த நம்பர் அமுக்கினாலும் அந்த ரெண்டு பேருதான்.

"இன்னாக்கா இது?"ன்னா காசியம்மா.

"ஏதோ பழைய பேட்டி. பிரகாசு பார்ப்பானே, அந்த மாதிரி."

"பறக்கும் தட்டாம்க்கா. மனுசன் நட்சத்திரத்துக்குப் பயணம் போக முடியுமான்னு அந்த அம்மா கேக்குது. இங்க கச்சிராயபாளையத்துக்கே பஸ்ஸு நேரத்துக்கு வரல." சொல்லிட்டு அவளே சிரிச்சிக்கினா. "தட்டு பறக்குதாம், சோறு எங்க பறக்குது?"

உங்களுக்கு ஒரு சந்தேகம் வரும், பையன் போன்லேர்ந்து டிவிக்கு அனுப்பிட்டானோன்னு. எங்க டிவி பின்னாடி மூட்டை மாதிரி இருக்குற பழைய டப்பா டிவிங்க, அதுக்கு அதெல்லாம் தெரியாது. பையனும் அன்னைக்கு கள்ளக்குறிச்சியில கடையில இருந்தான்.

பாகு முத்திடுமேன்னு நான் உள்ள ஓடிட்டேன். அடுப்படியிலேர்ந்து கேக்குது, அந்த அம்மா "அன்று மாலை நீங்கள் என்ன பார்த்தீர்கள், நேயர்களுக்குச் சொல்லுங்கள்" அப்படீன்னு கேக்குறாங்க. அவர் நிறுத்தி நிறுத்தி, மலைக்கு மேல ஒரு வெளிச்சம் வந்து உக்காந்துச்சு, சத்தமே இல்லைன்னு சொல்றார். எனக்கு எரிச்சல். இங்க ஒரு மனுசன் மலையில மாட்டிக்கினு இருக்கான், உங்களுக்கு வெளிச்சம் ஒரு கேடான்னு நெனச்சிக்கினே கரண்டியோட வெளிய வந்து டிவியைப் பார்த்தேன்.

கருப்பா மலை. அது உச்சியில உருண்டையா ஒரு வெளிச்சம், பூ விரியுற மாதிரி பெருசாயிக்கினே வருது.

ஒரு நொடி கூட நான் யோசிக்கல. தீபம் ஏத்திட்டாங்க, அவ்வளவுதான். கரண்டியப் போட்டுட்டு மணிய எடுத்துக்கினு வாசலுக்கு ஓடி, அண்ணாமலையாருக்கு அரோகரான்னு கத்தி அடிச்சேன் பாருங்க, கை வலிக்க அடிச்சேன். தெரு பூரா அரோகரா அரோகரான்னு பதில் வருது. மழை அப்பதான் விட்டிருந்துச்சு. இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் வாசப்படி, மாடம், மதில்சுவர்னு வரிசையா விளக்கு ஏறிக்கினே போச்சு. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. அவர் நல்லபடியா வரணும்னு மலைப்பக்கம் பார்த்துக் கும்பிட்டேன்.

உள்ள வந்தா காசியம்மா வாயில கை வெச்சிக்கினு நிக்குறா. டிவியில அந்த ரெண்டு பேரும் இன்னும் பேசிக்கினே இருக்காங்க.

"அக்கா, அது தீபம் இல்லைக்கா. அந்த ஆளு பார்த்தேன்னு சொன்ன வெளிச்சத்தைக் காட்டுனாங்க. நான் சொல்றதுக்குள்ள நீ ஓடிட்ட."

சுவத்து கடியாரத்தைப் பார்த்தா ஆறு ஆக இன்னும் கால் மணிக்கு மேல இருக்கு. அதுக்குள்ள டிவி மறுபடியும் நீலமா ஆயிடுச்சு. விசயம் தெருவுக்குத் தெரிஞ்சுபோச்சு. ஒருத்தி "இன்னாக்கா, உங்க வூட்டு அண்ணாமலையாருக்கு அவசரமா"ங்கறா, இன்னொருத்தி "சாந்தாக்கா பறக்கும் தட்டுக்கு விளக்கு வெச்சுட்டாங்க"ன்னு சிரிக்குறா. எனக்கு சிரிப்பு வரல. சாமிக்கு முன்னாடி ஏத்தி, தெருவையே ஏத்த வெச்சு, அதுவும் வூட்டுக்காரர் மலையில இருக்குற நேரத்துல இப்படி ஒரு தப்பு பண்ணிட்டேனேன்னு கன்னத்துல போட்டுக்கினேன்.

முருகேசன் அண்ணன் வந்து "எல்லாத்தையும் அணைச்சுட்டு நேரத்துக்கு மறுபடியும் ஏத்திக்கலாம்"னார். காசியம்மாதான் இடுப்புல கை வெச்சிக்கினு நின்னா. "ஏத்துன விளக்க யாராவது ஊதி அணைப்பாங்களா? நல்ல நாளும் அதுவுமா. நீங்க வேணா உங்க வூட்டுல ஊதிக்குங்க, விளங்கும்."

விளக்கெல்லாம் அப்படியே எரிஞ்சுது.

ஆறு மணிக்கு டிவியில நெசமான தீபம் வந்துச்சு. கும்பிட்டோம். ஆம்பளைங்க டார்ச்சுக்கு பேட்டரி தேடிப் போட்டு, கெளம்பவே முக்கா மணி நேரம் ஆயிடுச்சு. அந்த நேரம் தெருக்கோடியில விளக்கு வெளிச்சத்துல ஒரு ஆளு வந்துக்கினு இருந்தார். கோலால தட்டித் தட்டி. வேட்டி பூரா செம்மண்ணு, முட்டியில ரத்தம். நான் ஓடிப்போயி கையைப் புடிச்சேன், கை ஜில்லுன்னு இருந்துச்சு.

தண்ணி குடிச்சுட்டு அவர் சொன்னது இது. மாட்டைத் தேடி ரொம்ப தூரம் மேல போயிட்டார், மூட்டம் எறங்கிடுச்சு, வழக்கமான தடத்துல எறங்கறோம்னு நெனச்சு எறங்கிக்கினு இருந்திருக்கார். கண்ணு வேற மங்கிடுச்சு. அப்ப பக்கத்துல ஒரு ஆம்பளையும் பொம்பளையும் பேசுற சத்தம் கேட்டிருக்கு. இவர் நின்னு "யாருங்க அது, கொஞ்சம் வழி சொல்லுங்க"ன்னு கேட்டாராம். அவங்க இவரைக் கண்டுக்கவே இல்லை, அவங்க பாட்டுக்குப் பேசிக்கினு இருந்தாங்களாம்.

"யாரோ படிச்சவங்க. ஃபாரஸ்ட்டு ஆபீசருங்களா இருக்கும்னு நெனச்சேன். பேப்பர் படிக்கிற மாதிரி பேசுனாங்கடி. அந்தப் பொம்பள கேள்வியா கேட்டுக்கினே இருந்துச்சு."

காசியம்மா என்னைப் பார்த்தா. நான் அவளைப் பார்த்தேன். நாங்க ரெண்டு பேரும் அவர்கிட்ட டிவிய பத்தி ஒரு வார்த்தை சொல்லியிருக்கல, நெனப்புல வெச்சுக்குங்க.

அவர் நின்ன அந்த நேரத்துல மூட்டம் கொஞ்சம் விலகி, கீழ வரிசையா விளக்கு தெரிஞ்சிருக்கு. ஆனா இடது கைப்பக்கம் தெரிஞ்சிருக்கு. தடத்துல சரியா எறங்கியிருந்தா ஊரு வலது கைப்பக்கம் இல்ல இருக்கணும். சந்தேகப்பட்டு கோலை முன்னாடி நீட்டித் தட்டிப் பார்த்திருக்கார், கோலுக்கு ஒண்ணுமே தட்டுப்படல. அப்படியே உக்காந்து, பின்னாடியே நகர்ந்து நகர்ந்து வந்து, விளக்கைக் கண்ணுல வெச்சிக்கினே வேற பக்கமா எறங்கி வந்திருக்கார். "இன்னும் ரெண்டு எட்டு வெச்சிருந்தா போயிருப்பேன்"னார். ஆறு மணிக்குத்தான் விளக்குன்னு இருந்திருந்தா அவர் கண்ணுக்கு அப்ப ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது. தெருவுல அதுக்கப்புறம் யாரும் என்னைக் கிண்டல் பண்ணல.

விடிஞ்சதும் வானம் வெளுத்துடுச்சு. வாசல் தெளிக்கப் போனவ மலையைப் பார்த்தேன். மழையில ஒரு பக்கம் சரிஞ்சு, உச்சியிலேர்ந்து பாதி வரைக்கும் புதுசா செவப்பா ஒரு வெட்டு விழுந்திருக்கு. தடமே இல்லை, மண்ணோட போயிடுச்சு. வாளியைப் புடிச்சிக்கினு நான் நிக்குறேன், காசியம்மா அவ வாசல்லேர்ந்து மெதுவா வந்து எம்பக்கத்துல நின்னா.

"அக்கா, நேத்து டிவியில காட்டுன மலை இதுதானே?"

நான் சொல்லலைங்க, அவளாத்தான் சொன்னா. நானும் அதையேதான் பார்த்துக்கினு இருந்தேன். அந்த மொட்டையான உச்சி, பக்கத்துல சின்னதா ஒரு முடிச்சு, இந்தப் பக்கம் அந்த வெட்டு. டிவியில அது வெள்ளையாத் தெரிஞ்சுது, அவ்வளவுதான் வித்தியாசம். திருவண்ணாமலை மலையை எனக்குத் தெரியாதா, எத்தனை தடவை சுத்தியிருக்கேன். அவசரத்துல மலைன்னதும் அதுன்னு நெனச்சுட்டேன். சொல்லுங்க, எந்தக் காலத்துலயோ எடுத்த கருப்பு வெள்ளைப் பேட்டியில, நேத்து மழையில விழுந்த வெட்டு எப்படி இருக்கும்?

செவலையும் அன்னைக்கே கெடச்சுது, சரிவுக்கு இந்தாண்ட ஒரு புதர்ல, கெடேரிக் கன்னோட. காசியம்மா அதுக்கு தட்டுன்னே பேரு வெச்சுட்டா. தெருவுல இன்னைக்கும் அதுக்கு அதே பேருதான்.

அந்த ஞாயித்துக்கிழமை பிரகாசு வந்தான். நான் சொன்னதும் முதல்ல சிரிச்சான், காசியம்மாவும் சொன்ன பிறகு போனை எடுத்துத் தேட ஆரம்பிச்சான். நாள் பூரா தேடினான். எனக்கும் அப்ப ஒரு ஆவேசம் வந்துடுச்சுங்க, சமைக்கக் கூட எழுந்திருக்கல, அவன் தோளுக்குப் பின்னாடி உக்காந்து ஒண்ணு விடாமப் பார்த்தேன். கரும்பலகையில தட்டு படம் போட்டுக் காட்டுற ஒரு வெள்ளைக்கார அம்மா, ராக்கெட்டு பொம்மையக் கையில வெச்சிக்கினு பேசுற ஒருத்தர், இது இல்லை இது இல்லைன்னு தள்ளிக்கினே போனோம். பொழுது போற நேரத்துல வந்துச்சு. அதே கொண்டை. அதே கருப்புக் கண்ணாடி. நான் "இதாண்டா"ன்னு அவன் கையைப் புடிச்சிக்கினேன்.

யாரோ வூட்டுல பதிவு பண்ணி வெச்சிருந்த பழைய தமிழ் டிவி பேட்டியாம், படம் ஆடிக்கினே இருந்துச்சு. முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் பார்த்தோம். கேள்வியெல்லாம் அதேதான், நட்சத்திரத்துக்குப் பயணம் போக முடியுமாங்கறதும் இருந்துச்சு, அன்று மாலை என்ன பார்த்தீர்கள்ங்கறதும் இருந்துச்சு. மலை மட்டும் வரல. எங்கயுமே வரல, அந்த ரெண்டு நாற்காலிதான். அந்த அம்மா கேக்குறாங்க, "உங்களிடம் புகைப்படம் ஏதாவது இருக்கிறதா?" அவர் கண்ணாடியக் கழட்டித் துடைச்சிக்கினே, "இல்லை அம்மா. நான் சொல்வதுதான் இருக்கிறது" அப்படீங்கறார்.

அந்த நேரம் எங்க வூட்டுக்காரர் மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு உள்ள வந்தவர், கதவுகிட்டயே நின்னுட்டார்.

"இவங்கதான்"ன்னார்.

"யாருப்பா?"ன்னு பிரகாசு கேட்டான்.

"மலையில பேசிக்கினு இருந்தவங்க. இந்தக் குரல்தான்."

போன்ல அந்த அம்மா கடைசி கேள்வி கேட்டாங்க. "வந்தவர்கள் ஏன் திரும்பிப் போனார்கள் என்று நினைக்கிறீர்கள்?" அவர் கொஞ்சம் யோசிச்சுட்டு, "அது எனக்குத் தெரியாது" அப்படீன்னார். வணக்கம் சொன்னாங்க, முடிஞ்சுது.

எங்க வூட்டுக்காரர் தலையாட்டினார். "அன்னைக்கு அவரு அப்படிச் சொல்லல."

"பின்ன இன்னா சொன்னாரு?"ன்னு நான் கேட்டேன். "எங்ககிட்ட நீங்க இதைச் சொல்லவே இல்லையே."

"நீ பயப்படுவன்னு சொல்லல. அந்தம்மா இதே கேள்வியத்தான் கேட்டுச்சு. அவரு, 'நேரம் ஆகவில்லை என்று போய்விட்டார்கள்'ன்னாரு. அப்பதான் கீழ விளக்கு தெரிஞ்சுது."

பிரகாசு போனைக் கீழ வெச்சுட்டான். யாரு நேரம், எந்த நேரம்னு நாங்க யாரும் கேட்டுக்கல.

சாமி காப்பாத்துச்சு, அதுல எனக்கு சந்தேகமே கெடையாது. அண்ணாமலையாரே எந்தக் கொண்டையம்மா உருவத்துல வந்து பேசினாலும் எனக்கு சம்மதம். அடுத்த கார்த்திகைக்குத் திருவண்ணாமலைக்கே போயி ரெண்டு பேரும் நெய் ஊத்திட்டு வந்தோம். அவரும் நல்லா இருக்கார், கண்ணுக்கும் ஆபரேசன் பண்ணி இப்ப தேவலை. ஒண்ணே ஒண்ணுதான். டிவியில நியூசு ஓடிக்கினு இருக்கும், யாராவது யாரையாவது உக்கார வெச்சு பேட்டி எடுப்பாங்க, கேள்வி வரைக்கும் கேட்டுக்கினு இருப்பார். பதில் வர்றதுக்குள்ள ரிமோட்டை எடுத்து சத்தத்தைக் கம்மி பண்ணிடுறார்.